லாரி நின்ற நேரம்

ஐந்நூறு ஜிபி. பதிமூன்று வயது.
காதில் வைத்தால்
உள்ளே பல்லி சொல்கிறது.

நைலான் பையிலிருந்து எடுத்துத் தந்தாள் கிளாடிஸ்.
"கல்யாணம் வேணாம்ணே.
பந்தியில எங்க சின்னவன்
தால்சா வாளியத் தூக்கிட்டு ஓடுவான்,
அது மட்டும்."

எண்ணூர் நெடுஞ்சாலையில் என் கடை.
கன்டெய்னர் போகும்போதெல்லாம்
மேஜை அதிரும், முள் தடுமாறும்.
மீதி நாலு மணி நேரம் என்றது
மீதி இரண்டு நாள் ஆகும்.
கால்மிதியை மடித்து
டிஸ்க்குக்கு அடியில் கொடுத்தேன்.

மீண்டு வரும் ஃபைலுக்குப் பெயர் கிடையாது,
நம்பர்தான்,
ஆர்எஸ்ஆர்எம்மில் பிறந்த பிள்ளையின்
கையில் கட்டும் சீட்டுபோல.

ராத்திரி ஒன்றரை.
ஹார்பர் கேட்டில் ஏதோ பழுதாம்,
திருவொற்றியூர்வரை லாரி நின்றது.
ரோடே கெட்ட வார்த்தையில் கத்த
நான் மட்டும்
நகராதே, நகராதே என்றிருந்தேன்.

விடிகாலை, 0417.
மேல்பாதி படம். கீழே வெறும் சாம்பல் நிறம்.
சின்னவன் வருகிறான்:
சிரிப்பு இருக்கிறது, வாளி இல்லை.
தால்சா, தால்சா என்ற குரல் மட்டும்
சிந்தாமல் வருகிறது.

வெளியே வண்டிகள் உறுமி நகர்ந்தன.
புது டிஸ்க்
பெயர் என்ன வைக்க என்று கேட்டது.
நான் அவளிடம்
கேட்டுக்கொள்ளவே இல்லை.