பத்து மீட்டர்

சங்மானின் ஹேண்டில்பாரில் நான்கு போன்கள்.
என்னுடையதில் மூன்று.
சுங்முரோவில், அச்சகச் சந்து முனையில்
இஞ்சினை அணைக்காமல் நிற்கிறோம்.
டிசம்பர். விடும் மூச்சு ஹெல்மெட் கண்ணாடியிலேயே படிகிறது.

ஆர்டர் எல்லோருக்கும் ஒரே நொடியில் போகிறது என்பாள்
அலுவலகத்து யோம் மிரான்.
பொய்யில்லை. அவள் அனுப்புவது ஒரே நொடியில்தான்.
வந்து சேர்வது அப்படியில்லை.

சங்மான் எல்டிஇ. அக்டோபரில் மாறினான்,
இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு.
நான் வைப்ரோ. சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டி,
முட்டை என்றே பெயர் வைத்து விற்கிறார்கள்.
அடைகாப்பது நான், சூடு அதனுடையது.
இந்தக் குளிருக்கு அதற்காகவே தவணை கட்டலாம்.

கங்னாம், ஆவணம், பதினான்காயிரம் வோன்.
அவன் கட்டைவிரல் எழுந்து இறங்கிய பிறகுதான்
என் திரையில் அந்த வரி பிறக்கும்,
பிறந்த கையோடு சாம்பல் நிறமாகும்.
கால் நொடி இருக்குமா? அவ்வளவுகூட இருக்காது.
கண்ணிமைக்கும் நேரம் என்பார்கள்.
இமைக்காமல் இருந்து பார்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

போன் கடைப் பையன் விளக்கினான்:
அது புதுச் சாலை, அகலம், வண்டிகள் குறைவு.
இது முன்னாலேயே போட்டது, நல்ல சாலைதான் அண்ணா,
ஆனால் இனி யாரும் நீட்டப்போவதில்லை.
சாலையைப் பற்றி எனக்கே பாடம்.
ஆனாலும் பாஜு போகும் வழியில்
ஆற்றோர முள்வேலி தொடங்கும் இடத்தில்
என் முட்டை கூமுட்டை.

சங்மானுக்கும் சங்கடங்கள் உண்டு.
நம்சான் சுரங்கத்துக்குள் நுழைந்தால்
திரை மூலையில் எல்டிஇ போய் 3ஜி உட்காரும்.
வெளிச்சத்துக்கு வந்த பிறகும் எழுந்திருக்காது.
பேட்டரி மதியத்துக்குள் பாதி.
அப்புறம் அந்த மாத அளவு:
ஆர்டர்கள் கொறிப்பது கொஞ்சம்,
காத்திருக்கும்போது பார்க்கும் பழைய பேஸ்பால் ஆட்டங்கள்
விழுங்குவது மீதி எல்லாம்.

இருபத்திரண்டாம் தேதி தீர்ந்தது.

மெஷின் காபி மூன்று வாங்கி வந்தான்.
நாங்கள் இருவர்தான்.
மூன்றாவதை என் வண்டி சீட்டில் வைத்துவிட்டு,
"முட்டைக்குப் பாஸ்வேர்டு என்ன?" என்றான்.

சொன்னேன்.

இப்போது கால் நொடி இருவருக்கும் ஒன்று.
விரல் மட்டும்தான் வேறு.
முதல் நாள் நான் ஏழு, அவன் ஐந்து.
இத்தனை மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும்.
போட்டிக்காரன் என் பின்சக்கரத்தை விடாமல் வருகிறான்.
ஹன்னாம் பாலத்தில் ஆற்றுக்காற்று குறுக்கே தள்ள,
நடுவில் ஒரு பஸ் புகுந்தால்
குட்டியைத் தொலைத்த மாடு மாதிரி ஹாரன் அடிக்கிறான்.
கங்னாமில் என் பொட்டலம் இறங்கும்வரை வாசலில் நிற்கிறான்,
அவனுடையது இறங்கும்வரை நான்.
இருவருக்கும் நஷ்டம். இருவருக்கும் தெரியும்.

இன்று தென்கரை சிக்னலில் மஞ்சள்.
நான் தாண்டிவிட்டேன், பழக்கம்.
அவன் நின்றுவிட்டான்.
ஓரம் ஒதுங்கிக் கண்ணாடியில் பார்த்தால்
ஒரு காலை ஊன்றி, கையுறையைப் பல்லால் உருவி,
செத்த திரையைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து விழுந்தது:
யோங்சான், பூங்கொத்து, இருபத்தோராயிரம்.
எங்கள் இருவரில் எனக்கு மட்டும்.
விரலைத் தூக்கினேன்.
தூக்கிய விரல் அங்கேயே நின்றது.

நகரத்தில் வேறு யாரோ, எந்த அலையிலோ,
எடுத்துக்கொண்டார்கள். வரி சாம்பலானது.

பச்சை. பின்னால் இஞ்சின் சத்தம்.
சட்டைப்பைக்குள் நீல விளக்கு இரண்டு முறை துடித்தது.

"ஏதாவது வந்ததா?" என்றான் பக்கத்தில் வந்து.

"நெட் இல்லை," என்றேன்.