ஏனைய விடயங்கள்

பெரியகல்லாறு. ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு.
சமுகம் தந்தோர் ஒன்பது பேர்.
குறிப்பெடுத்தவன் நான்.

முதலாவது விடயம்: வாலிபர் ஏன் வருவதில்லை.
புரொஜெக்டர் வேண்டும் என்றார் பொருளாளர் நல்லரெத்தினம்.
பாட்டுப் புத்தகத்தை ஆர் இப்ப கையில தூக்குறான்,
சுவரில எழுத்து ஓடட்டும்.
சுவரில் எழுத்து வந்தால்
தானியேலைத்தான் கூப்பிடவேணும் என்றார் போதகர்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
நல்ல கீபோட், நேரலை,
கட்டாரில் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பார்கள்.
வாலிபர் சார்பில் வந்திருந்தது டிலுக்சன் ஒருவன்தான்.
"எதை நேரலை போடுறது அங்கிள்?" என்றான்.
மறுகா போனுக்குள் குனிந்துகொண்டான்.
அதை நான் எழுதவில்லை.

எழுதாதது இன்னும் இருக்கிறது.
செவ்வாய்க்கிழமைகளில் நான் இந்தச் சபையின் செயலாளர் இல்லை.
நீலச் சட்டை, தோளில் பை,
கிழமைக்காசு அறவிடும் கம்பனி.
என் மோட்டார் சைக்கிள் சத்தம்
ஒழுங்கை ஒழுங்கையாய் மனப்பாடம்.
நான் போய்ச் சேர முன்னம் படலை சாத்திக் கிடக்கும்.
அடுப்பில் உலை கொதிக்கும், ஆளிராது.

போன செவ்வாய் மங்களேஸ்வரி
(நம்ம சபை இல்லை,
வைகாசியில் கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைப்பவள்)
உச்சி வெயிலில் ஓடிவந்து
சேச்சுக்குள் நுழைந்தாள்.
வாசலில் அதற்கு முன்னமே ஐந்து சோடிச் செருப்பு.
ஒன்றின் வாரைக் கம்பியால் கட்டியிருந்தது.
அந்தச் செருப்புக்கு எட்டுத் தவணை பாக்கி.

உள்ளே போயிருக்கலாம்.
சாவி ஒன்று என்னிடமும் உண்டு,
அந்த வாங்குகளுக்கு வார்னிஷ் அடித்ததே நான்தான்.
படியில் நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
செபமில்லை, பாட்டில்லை,
ஒரு பக்கம் இழுத்துச் சுற்றும் மின்விசிறி மட்டும்.
ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.
ஒருத்தி பீடத்தைப் பார்த்தபடியே
கச்சான் உடைத்துத் தின்றாள்,
கோதை மடியில் சேர்த்துக்கொண்டு.
போதகர் தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தவர்
என்னைக் கண்டார்.
எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறு வீடும் பூட்டு என்று கம்பனிக்கு எழுதினேன்.
பூட்டுகளின் படம் கேட்டார்கள்.

இரண்டாவது விடயம்: மின்சாரக் கட்டணம்.
வார நாளில் மின்விசிறி ஓடுது,
போடுறது ஆர் என்றார் நல்லரெத்தினம்.
போதகர் கூரையைப் பார்த்தார்.
நான் பேனையைப் பார்த்தேன்.
"நான்தான்," என்றான் டிலுக்சன், தலை நிமிராமல்.
"கதவு திறக்கிறதும் நான்தான்.
வெக்கை தானே."

கொஞ்ச நேரம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை.
பாலத்துப் பக்கம் பஸ் ஒன்று கோன் அடித்துப் போனது.

புரொஜெக்டர்: ஐந்துக்கு மூன்று, நிறைவேறியது.
நான் கை தூக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏனைய விடயங்கள் என்பதன் கீழ்
ஒருவரும் முன்மொழியாத,
ஒருவரும் வழிமொழியாத ஒரு வரியைச் சேர்த்தேன்:
மின்விசிறியைச் செவ்வாய்க்கு முன் திருத்தவும்.

வாசித்துக் காட்டினேன். ஆமென் என்றார்கள்,
எதற்கென்று கேட்காமல்.

நாளையன்றைக்குச் செவ்வாய்.
பெற்றோல் அடித்தாயிற்று.