போலீஸ் ஆயா

டில்லிபாபு ஐஸ் பெட்டியோடு வந்தபோது மணி ஐந்தேகால்.
தெருவில் பால் பாக்கெட் இன்னும் இறங்கவில்லை.
"பிளக் பாயிண்ட் எந்தப் பக்கம்மா?" என்றான்.
நான் வாசலை மறித்து நின்றேன்.

ரேஷன் கார்டில் அவள் பிரமிளா.
மூன்று முறை கேட்ட குமாஸ்தா
நான்காம் முறை கேட்கக் கூச்சப்பட்டு எழுதிய பெயர்.
இராயப்பர் கோயில் ஏட்டில் மட்டும் ப்ரோனிஸ்லாவா,
அதிலும் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருக்கும்.
எந்த ஊர் என்றவர்களிடம் போலிஷ் என்றாள்.
கல்மண்டபத்துக் காதில் அது போலீஸ்.
எழுபது வருஷம் போலீஸ் ஆயா.
பைப்படியில் சண்டை முற்றினால்
வந்து நின்றாலே போதும்,
அந்த உயரத்துக்கும் பூனைக் கண்ணுக்கும்
குடங்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

கோலாப்பூர் முகாமைக் கலைத்தபோது
கப்பல் லிஸ்டில் அவள் பெயரும் இருந்ததாம்.
எம்.எஸ்.எம். ரயில்வேயில் கரி அள்ளிப்போடும்
பெரம்பூர் ஞானாதிக்கம் குறுக்கே வந்தார்.
"அழகா இருந்தாரா ஆயா?"
"நெருப்பு பக்கத்துல நின்னாரு."

சித்திரையில் மொட்டை மாடியில்
வடகத்துக்குப் பக்கத்தில் தானும் காய்வாள்.
இறங்கி வா, மயக்கம் வரும் என்றால்
"இன்னும் வேகல" என்பாள்.
ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவாள்.
சோறு சிந்தினால் திட்டு மட்டும்தான்.
சோற்றின் சார்பில் எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு.

காசிமேட்டில்
ஐஸ் பாறையை மரச்சுத்தியால் உடைக்கும் சத்தம் கேட்டால்
முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுவாள்.
என் கையில் காசைத் திணிப்பாள்:
"சங்கரா அரைக் கிலோ. ஐஸ்ல கெடக்காததா பாரு."
அம்மா சம்பளத்தில் பிரிட்ஜ் வந்தது.
மேல் அறை இருபது வருஷம் காலி.

வர்தா புயலில் கரண்ட் போன மூன்றாம் ராத்திரி,
நான் கேட்காமலே, ஒரே ஒரு தடவை சொன்னாள்:
"ரயில்ல ஏத்துனாங்க. எனக்கு ஒம்பது. காஜிக்குக்கு நாலு.
எறக்குன ஊர்ல தரை இரும்பு. கடப்பாரை போவல.
தம்பிய பனியில வெச்சோம், சித்திரை வரைக்கும்.
தெனம் போயிப் பாப்பேன்.
அப்படியே இருந்தான்.
கொஞ்சம்கூட மாறல அவன்.
அதாண்டி தாங்கல."

மாமா டொரண்டோவிலிருந்து அழுதார்.
"வியாழன் வந்துடுவேன். பெட்டியில வெச்சிரு.
முகம் பாக்கணும்."
அவருக்குப் பின்னால் யாரோ
பனியை வாரித் தள்ளும் சத்தம்.
கசிமிர் என்ற அந்தப் பெயரைத்
தெரு எப்போதோ காஷ்மீர் ஆக்கிவிட்டது.
அது எங்கிருந்து வந்ததென்று ஆயா அவரிடம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
"இன்னைக்கே எடுக்குறோம் மாமா" என்றேன்.
எதிர்முனையில் சுரண்டல் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

டில்லிபாபு பாதி வாடகை கேட்டான். கொடுத்தேன்.
"தொண்ணூத்தி மூணு வயசும்மா, வெயில் வேற,
சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்றான்.
தாங்க வேண்டாம், போய்விட்டு வா என்றேன்.

நாலு மணிக்குக் காசிமேடு கல்லறை.
மணல்.
மண்வெட்டி சத்தமே இல்லாமல் இறங்கியது.
பகல் முழுக்க வெயில் குடித்த மண்,
கைப்பிடி அள்ளும்போது
அப்போதுதான் இறக்கிய சோறு மாதிரி சுட்டது.

மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.
நேற்று பிரிட்ஜின் மேல் அறையில்
முதல் முறையாக ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன்.
ஓரம் வெளுக்கத் தொடங்கியதும் எடுத்து
முருங்கை வேரில் ஊற்றிவிட்டேன்.