பொட்டு விழும் நேரம்

ராஸ் அல் கைமா, ராஜாளிகளின் ஆஸ்பத்திரி.
இரவு ஒன்று பத்து.
தோல் குல்லாவுக்குள் கண்ணை மறைத்து
மரத்தாங்கியில் உட்கார்ந்திருக்கிறாள் நூரா.
எடை தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
மூன்று நாளாய்க் காடை தொடவில்லை.
அவளுடைய பாஸ்போர்ட் என் இழுப்பறையில்:
மொராக்கோ முத்திரை, கஜகஸ்தான் முத்திரை.
தூக்கிவந்த குல் ஜமீனுடையது
கம்பெனியில்.

அவள் தொண்டையில் ஒற்றிய பஞ்சை
கரைத்துப் பெருக்கி, பாதி பாதியாய் நீர்த்து
தொண்ணூற்றாறு குழித் தட்டில் விட்டாயிற்று.
இப்போது குதிரை ரத்தம்.
ஏன் குதிரை, என்கிறான்
சுவரில் சாய்ந்து,
இருமலை முழங்கைக்குள் புதைத்தபடி.

என் அரைகுறை இந்தியில் சொல்கிறேன்:
எல்லா உயிரணு மேலும் சர்க்கரைச் சரம் தொங்கும்,
நக்கினால் இனிக்காத சர்க்கரை.
நுனி மணியை அடுத்த மணியின்
மூன்றாம் கார்பனில் கோத்தால் ஒரு சாய்வு,
ஆறாம் கார்பனில் கோத்தால் வேறு சாய்வு.
வாத்தின் குடலில் மூன்று.
குதிரையிடம் மூன்று.
உன் தொண்டையில், என் தொண்டையில், பெரும்பாலும் ஆறு.
கிருமிக்குக் கண் கிடையாது, ஜமீன்.
அது முகம் பார்ப்பதில்லை.
தடவிப் பார்க்கிறது.

"பிடி எவ்வளவு இறுக்கம்?"
ராஜாளி வளர்க்கிறவன் கேட்கிற கேள்வி.
அவன் கையுறையில் நகம் இறங்கிய எட்டு ஓட்டை.

இறுக்கமே இல்லை.
ஒரு கை தொட்டதும் நழுவும்.
அதனால்தான் நூற்றுக்கணக்கில் கைகளோடு வருகிறது.
ஒன்று விட, ஒன்று பிடிக்க,
கேம்ப் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவீர்களே,
யாருடைய தோள் நம்மை நிறுத்துகிறது என்று
யாருக்குத் தெரியும்?

கதவை உடைக்காது.
பிடித்தபடி சும்மா இருக்கும்.
உயிரணுதான் குழைந்து, குழிந்து
வந்தவரை வாசலில் நிறுத்தாத வீடுபோல
வாரி உள்ளே எடுத்துக்கொள்ளும்.
பெருகி வெளியேறும்போது
அதே சர்க்கரை காலைப் பிடிக்கும்.
அதற்குத் தனிக் கத்தரி வைத்திருக்கிறது.
நறுக்கிவிட்டுப் போகும்.

"எக்ஸிட் பேப்பரைத் தானே எழுதிக்கொள்கிறதா!"
சிரித்தான்.
சிரிப்பு இருமலாயிற்று.
இருமல் நிற்கவில்லை.

நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்தேன்.
அவன் பார்த்தான்.

தட்டை ஒரு மணி நேரம் அசைக்கக் கூடாது.
கிருமி இல்லையென்றால்
சிவப்பணுக்கள் தனித்தனியே சரிந்து
குழியின் அடியில் சேரும்.
குங்குமப் பொட்டு, அத்தனை வட்டமாய்.
இருந்தால்
அது ஒன்றை ஒன்றோடு கோத்துவிடும்,
வலைபோல் விரிந்து நிற்கும்.
பொட்டு விழாது.

"ஜெனோவா மேடம்,
எனக்குள் மூன்று கொஞ்சமும் கிடையாதா?"

உண்டு.
ஆழத்தில். மூச்சுக் கிளைகள் முடிகிற இடத்தில்.
இதை எந்த மொழியில் சொல்வது?
"எத்தனை நாளாய்க் காய்ச்சல்?" என்றேன்.
"லீவு போட்டால் சம்பளம் வெட்டு" என்றான்.

டாக்டர் மாரிவிக் வண்டிக்குச் சொல்லிவிட்டாள்.
உன்னை இங்கே பார்க்க முடியாது,
இது பறவைகளின் ஆஸ்பத்திரி, என்றாள்,
தணிந்த குரலில்.
அவன் எல்லாப் பையிலும் ஐடி கார்டைத் தேடினான்.
மாஸ்க் கொடுத்தேன்.
மேசைமேல் வைத்துத் தள்ளி.

இரண்டு பத்து.
தட்டைச் சரிக்கிறேன்.
பொட்டு விழுந்திருந்தால் மெல்ல ஒழுகும்;
கண்ணீர்த்துளி என்றே கையேட்டில் இருக்கிறது.
அழுகிற குழிதான் இந்த வேலையில் நல்ல செய்தி.

கிருமி விடாத கடைசி வரிசை
ஒழுங்காய் அழுதது.

நூராவின் வரிசை.
முதல் குழி.
இரண்டாவது.
மூன்றாவது.
ஏழாவது வரைக்கும்
ஒன்றும் அசையவில்லை.

வெளியே வண்டிக் கதவு சாத்தும் சத்தம்.
கையுறையை மறந்துவிட்டுப் போயிருக்கிறான்,
எட்டு ஓட்டைகளோடு.
எடுத்துவைக்க நீட்டிய கை
இரண்டு விரற்கடை தூரத்தில்
நிற்கிறது.