தலைகீழ்க் கடிகாரம்

கருங்கல் பேரூராட்சி அலுவலகத்தில்
இறப்புப் படிவத்தின் 'தொழில்' கட்டத்தில்
பையன் 'வீட்டுவேலை' என்று எழுதிவிட்டான்.
பெயர் தங்கநேசம், வயது தொண்ணூற்றொன்று,
காலனி முகவரி. வேறென்ன தோன்றும்?

மக்கா, அதை வெட்டு.

நெஞ்சில் ஒரு கடிகாரம் குத்தியிருப்பாள்,
நமக்குத் தலைகீழ், அவளுக்கு மட்டும் நேர்.
நாடி பிடித்து அதைக் குனிந்து பார்க்கையில்
முனகுகிறவர்களும் சும்மா கிடப்பார்கள்.

அவள் கையால் ஊசி வேண்டாமென்று
மூன்று நாள் காய்ச்சலோடு கிடந்த பெரியவர்
நாலாம் நாள் சட்டைக் கையைத் தானே சுருட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை அவள்.
கொஞ்சம் வலிக்கத்தான் போட்டாள்;
எனக்குத் தெரியும், தட்டு ஏந்தியவள் நான்.

அதற்கும் முன்னால், ஐம்பத்தெட்டில்,
இடவப்பாதி மழை.
பிள்ளை குறுக்கே கிடந்த தறவாட்டு வீட்டில்
கொல்லைவழி வரச் சொன்னார்களாம்.
"அங்கே வழுக்கும், கையில் குப்பி இருக்கு" என்று
முன்வாசலில் செருப்பை விட்டு ஏறினாள்.
விடியுமுன் தாயும் பிள்ளையும்
தனித்தனியாக மூச்சு விட்டார்கள்.
மறுநாள் அவர்கள் வீட்டைக் கழுவினார்கள்.
அவளும் கழுவினாள்,
இருந்த ஒரே வெள்ளைப் புடவையை.

மரச்சீனியும் சாளையும் போதும் அவளுக்கு.
கோபம் வந்தால்
கட்டில் விரிப்பை உதறி உதறி விரிப்பாள்,
வார்டே அடங்கும்.

பையன் வெட்டினான்.
"நர்ஸ். போதுமா?"
ஹெட் நர்ஸ், என்றேன்.
கட்டத்தில் இடமில்லையாம்.

வெளியே எழுது.