ஒன்றுக்கு ஐந்நூறு

கொழும்பிலிருந்து ஒரு நகரம் வந்தது
லொறியில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
கார்த்திகை மழையின் நான்காம் நாள்.
கூட வந்த பொடியன் சொன்னான்:
"அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஐந்நூறு. கவனம்."

கஸ்தூரியார் வீதியில் முழங்கால் வெள்ளம்.
ஆஸ்பத்திரி வீதி முடக்கோடு லொறி நின்றுவிட்டது.
மண்டபத்தில் அமைச்சிலிருந்து வந்தவர்கள்
இரண்டாந்தரம் தேத்தண்ணி குடித்துவிட்டார்கள்.
"வடிகால் பகுதி ஆக்கள் ஆரும் நிக்கினமோ?"
சிவகடாட்சம் சேர் கேட்டார்.

நின்றோம்.
பதினேழாம் மதகில் நின்றோம்
விடியத்தொடங்கி மூங்கில் விட்டுக் குத்திக்கொண்டு.

அப்படித்தான் வசீகரனும் மரியநேசனும்
இன்னும் இரண்டு பேரும்
சேறு கழுவாத கையால்
ஒரு நகரத்தைத் தூக்கித் தோளில் வைத்தார்கள்.
நான் முன்னுக்கு நடந்தேன்,
கிடங்குகளைப் பாடமாக்கினவள்.
"இடப்பக்கம் மூடியில்லை.
வலப்பக்கம் தண்ணிக்காரர் வெட்டினது,
மூடினது, பிறகு
கறண்டுக்காரர் அதையே வெட்டினது.
நடுவால வாங்கோ. மெல்ல."

கண்ணாடிக்குள் மழை இல்லை.
கைதடிக்கு அப்பால் தரவையாம் அது,
தரவையின் அடையாளம் ஒரு புல்லும் இல்லை.
ஆறுவழிப் பாதை, பதினெட்டு மாடி,
நீலப் பசையில் வார்த்த, அசையாத ஒரு ஏரி.
எள்ளளவு ஆட்கள்.
ஒருவரும் சாரத்தை மடித்துக் கட்டவில்லை.
மதகைத் தேடினேன்.
"வெள்ளம் எங்கால தம்பி போகும்?"
"அது அடுத்த கட்டம் அக்கா," என்றான்,
சப்பாத்தைக் கையில் பிடித்தபடி.

அந்த அளவுத்திட்டத்தில்
நாங்கள் நின்ற வெள்ளம்
ஒரு பிறிஸ்டல் மட்டையின் தடிப்பு.

எங்கள் முறைப்பாட்டுப் புத்தகம் அதைவிடத் தடிப்பு.
கொட்டடி, நாவாந்துறை, ஓட்டுமடம்.
கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவே
பன்னிரண்டு அடி சுண்ணாம்புக் கல்,
அதுவும் பஞ்சுபோலக் கல்.
பழைய படத்தில் குளம் என்று கீறிய இடத்தில்
இப்போது சீமெந்துக் கடை.
தண்ணீருக்கு அது தெரியாது,
வருசா வருசம் வந்து கதவைத் தட்டும்.
நாற்பது கிடங்கு மூடி கேட்டு எழுதினேன்.
நிதி இல்லை என்று பதில் வந்தது.
அதே கிழமை அதே கையெழுத்து
இந்தப் பெட்டிக்குக் காப்புறுதி கட்டியிருந்தது.

இவ்வளவும் சொன்னவள் இதையும் சொல்லவேணும்.
மண்டப வாசலில் விண்ணப்பப் படிவம் குவித்திருந்தார்கள்.
ஒருவரும் பார்க்காதபோது
ஒன்றை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன்.
மூன்றாம் தொகுதி, ஏழாம் மாடி.
நான் வாடகை அறையில் இருக்கிறவள்.
கிணற்றைச் சோதித்த பெண்
"இந்தத் தண்ணியில பால்மா கரைக்காதேங்கோ" என்றுவிட்டுப் போனாள்.
குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர்,
அதற்கு ஏன் புதிதாய் ஒரு நகரம்?
கூட்டத்தில் எழும்பிக் கேட்க எனக்கு நாக்கு இருக்கிறது.
என் பிள்ளைக்கு ஏழு மாதம்.
கூட்டம் முடியும்வரை அவள் காத்திருக்கமாட்டாள்.

அங்கேயும் ஒருநாள் அடைக்கும்.
இரண்டு பஸ் மாறி வசீகரன்தான் போவான்.

பொழுதுபட, பதினேழாம் மதகுக்குள்ளிருந்து
ஒரு பஞ்சு மெத்தை வெளியே வந்தது,
பிரசவம்போல, சத்தத்தோடு.
எமில்டாவின் தையல்கடைச் சுவரில்
தண்ணீர் இரண்டு அங்குலம் இறங்கியது.
எமில்டா கதவைத் திறந்து பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை,
மெசினைக் கதிரையிலிருந்து இறக்கினாள்.

படிவம் ஊறிப்போய்க் கிடந்தது.
இரவு இஸ்திரிப்பெட்டியால் காயவைத்தேன்.
நாலாம் கேள்வி:
தற்போதைய வதிவிடத்திலுள்ள வசதிகள்.
மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
முதல் கோட்டில் எழுதினேன்:
மதகு பதினேழு, இன்று பின்னேரம் தொடக்கம்.
அடைப்புக்குறிக்குள்: தற்காலிகம்.
மற்ற இரண்டு கோடும்
இன்னும் வெறுமையாய்
மேசையில் கிடக்கின்றன.