லேசாப் புடிச்சுக்கணும்

எர்ணாவூர் ஜெகநாத ராவ்
சாவியை விடாமல் சொன்னார்:
"ஒண்ணுமில்ல மேடம், லெஃப்ட்ல கொஞ்சம் போவும்.
லேசாப் புடிச்சுக்கணும். பழகிடும்."
ஆர்சி புக், அரை டேங்க் பெட்ரோல்,
டேஷ்போர்டில் பிள்ளையார் உரிந்த பசைத்தடம்,
இவற்றோடு அந்த லேசையும் சேர்த்து
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

பழகியது.
மணலியில் கன்டெய்னர் கணக்கெடுக்கும் வேலை எனக்கு.
விடியற்காலை ஷிப்ட்.
துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர்களின் பக்கமாய்
என் சான்ட்ரோ தன் பாட்டுக்கு ஒதுங்கும்,
அந்தப் பெரிய சக்கரங்களிடம்
ஏதோ விசாரிக்கப் போவதுபோல.
இழுப்பேன்.
போகும்.
இழுப்பேன்.

ஆறாவது மாதம் வலது தோள்பட்டை
சீப்பைத் தலைவரை தூக்க மறுத்தது.
எந்தப் பக்கம் படுப்பீங்க என்று கேட்டார் டாக்டர்.
எந்த வண்டி ஓட்டுறீங்க என்று கேட்கவில்லை.
எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

டோல்கேட்டில் கண்ணாடி அறை வைத்த கடை.
முந்நூற்றைம்பது ரூபாய்.
திரையெங்கும் பச்சை எண்கள், ஒரு கட்டம் மட்டும் சிவப்பு.
அது என்னங்க?
"அது கேம்பர். இந்த வண்டில அத்த அட்ஜஸ்ட் பண்ண முடியாது."
காகிதத்தை மடித்துக் கொடுத்து
ஸ்டிக்கரும் ஒட்டினான்.
மாட்டுமந்தை மேம்பாலம் இறங்குவதற்குள்
ஸ்டிக்கர் நேராக இருந்தது, வண்டி இல்லை.

அடுத்த கடைக்காரர் ரோட்டைக் குற்றம் சொன்னார்.
"சாஞ்சுதான் போட்டிருப்பான் மேடம்,
மழைத்தண்ணி வடியணும்ல?"
நியாயம்தான்.
ஆனால் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து
நான் பார்த்ததில்லை.

தண்டையார்பேட்டை அமீர்ஜான்
கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.
நாலு டயருக்கும் காற்று பார்த்தார்.
இடது முன் டயரின் வெளி ஓரத்தைத் தடவினார்,
அங்கே மட்டும் மொட்டை.
ஜாக்கி வைத்துத் தூக்கி
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்.
டொக்.
"கேட்டுச்சா?"
கேட்டது.
"பால் ஜாயின்ட் ஆடுது. புஷ் செத்துப்போச்சு.
லோயர் ஆர்ம் வளைஞ்சிருக்கு பாரு.
இத்த வச்சுக்கினு எவன் அலைன்மென்ட் பண்ணாலும்
பேப்பர்லதாம்மா நேராப் போவும்.
எங்கியோ நல்லாக் குத்திக்கீறாங்க."
நான் இல்லை என்றேன், ஏனோ அவசரமாக.
"நீ இல்ல. வளைவுக்குள்ள துரு ஏறிக்கீது.
இது ரொம்ப நாள் கதை."

சாமான் வரும்வரை
ஜாக்கி மேல் சாய்ந்திருந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.
ஸ்டீயரிங்கில் இரண்டு மணி முள் நிற்கும் இடம்
கருப்பு போய்ப் பளபளத்தது.
ஆறு மாதத்தில் என் ஒரு கை
தேய்க்கக்கூடிய தேய்மானம் இல்லை அது.
எனக்கு முன்னால் ராவ்.
ராவுக்கு முன்னால், ஆர்சியில் பெயராக மட்டும் இருக்கும்
பெரம்பூர் சுகுணவதி.
அதே இடத்தில், அதே லேசு.

நாலாயிரத்து இருநூறு.
எல்லாம் மாட்டி இறுக்கிய பிறகுதான்
கம்ப்யூட்டரைப் போட்டார்.
சிவப்புக் கட்டம் சத்தமில்லாமல் பச்சையானது.

"ஓட்டிப் பாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.
நூறடி போகவில்லை,
வண்டி வலதுபக்கம் மீடியனைத் தேடிப் போனது.
பின்னால் ஒரு டேங்கர் அலறியது.
சரியாகலையே பாய்?
"வண்டி போவலமா. நீ இட்டுனு போற.
கைய விடு."

ஒவ்வொரு விரலாக விட்டேன்.
சுண்டுவிரல் கடைசி.
பெட்ரோல் பங்க் வந்தது, சர்ச் வந்தது,
மீன் வண்டிகள் வந்தன,
சான்ட்ரோ யாரிடமும் எதையும் விசாரிக்காமல் போனது.
என் கை மடியில் கிடந்தது,
வேலை போன ஆள் மாதிரி.

இரவு ராவுக்குப் போன் போட்டேன்.
சண்டைக்குத்தான் போட்டேன்.
வாயில் வந்தது வேறு:
"சார், வலது தோள்பட்டை எப்படி இருக்கு?"
அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.
"அட," என்றார்,
"உங்களுக்கு யாரு மேடம் சொன்னது?"